கீழ் ஹோஸின் சூடு

அந்தக் காரின் பானட்டுக்கு அடியில் நான் பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. நான் சுலபத்தில் ஆடிப்போகிற ஆள் இல்லை. கார் உதிரிபாகக் கடை நடத்துகிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை எரிச்சலோடு வருகிற முகங்களோடு மல்லுக்கட்டுகிறவள். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் பேரம் பேசுவதில்லை. அப்படிப்பட்ட நான் அன்றைக்கு அழுதுவிட்டேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் மாமாவைச் சொல்ல வேண்டும். மாமா என்றால் என் அக்காவின் கணவர்.

எல்லோருக்கும் அவர் ரேடியேட்டர் அண்ணன். காருக்கு எது வந்தாலும் பார்க்கிற மெக்கானிக்குகள் எங்கள் தெருவில் நிறைய உண்டு. மாமா ஒன்றே ஒன்றுதான் பார்ப்பார்: இன்ஜின் சூடு. பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தால், "அது நம்ம இலாகா இல்லீங்க, எதிர்ல போங்க" என்று அனுப்பிவிடுவார். முன்பக்கம் ஆவி பறக்க, கையில் காலித் தண்ணீர் பாட்டிலோடு வேர்த்து விறுவிறுத்து ஒருவர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தால்தான் அவர் முகம் மலரும்.

"சூடா இருக்கும்போது மூடியைத் திறந்தீங்களா? திறக்கலையே? நல்லவேளை, மூஞ்சி தப்பிச்சுது. உக்காருங்க" என்பார்.

அவருடைய பட்டறையும் என் கடையும் ஒட்டி இருக்கின்றன. நடுச்சுவரில் தலை நுழைகிற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. அவர் அங்கிருந்து கத்துவார், நான் இங்கிருந்து சாமானை நீட்டுவேன். பட்டறைத் தரை முழுக்க, ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் சிந்திச் சிந்திப் பச்சையும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். பின்னால் ஒரு தட்டி மறைப்பு. அதற்குள் அக்கா தையல் மிஷின் போட்டு கார் சீட் உறைகள் தைக்கிறாள். அவர்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. வீட்டிலும் இரண்டு பேர், பட்டறையிலும் இரண்டு பேர். நாள் முழுக்க ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கிற தூரத்தில்தான் இருப்பார்கள். ஆனாலும் பேசுவதெல்லாம் சண்டை.

"ஊருக்கெல்லாம் கார் ஃபேன் ரிப்பேர் பண்ணுற மனுஷன். என் தலைக்கு மேல இருக்கிற ஃபேன் கிரீச் கிரீச்சுன்னு கத்துது. அதைப் பாக்க நேரமில்ல" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து அக்கா சொல்வாள்.

"அது காத்து குடுக்குதா இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்பார் மாமா.

அவர் கோளாறு கண்டுபிடிக்கிற விதம் தெருவுக்கே தெரியும். தண்ணீர் மட்டம் பார்ப்பார், ஒழுகல் பார்ப்பார், பிறகு இன்ஜினை ஓடவிட்டுக் கைகட்டி நிற்பார். சூடு காட்டுகிற முள் நடுவைத் தாண்டியதும் குனிந்து வலது கையால் ரேடியேட்டரின் மேல் ரப்பர் ஹோஸையும் இடது கையால் கீழ் ஹோஸையும் ஒரே சமயத்தில் பிடிப்பார். மேலே இன்ஜினிலிருந்து கொதிநீர் வருகிறது, கீழே அது ரேடியேட்டரைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறது. இரண்டும் நல்ல சூடாக இருந்து, காற்றடித்து ஆற்றுகிற ஃபேன் மட்டும் சுற்றவில்லை என்றால் கோளாறு ஃபேன் பக்கம். ஃபியூஸ், கரன்ட்டை இணைக்கிற ரிலே, ஸ்விட்ச், மோட்டார் என்று வரிசையாகத் தேடினால் அகப்பட்டுவிடும். மேலே கொதித்துக் கீழே சில்லென்று இருந்தால் தண்ணீர் சுற்றவே இல்லை. தெர்மோஸ்டாட் என்கிற வால்வு திறக்காமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை மாற்ற வேண்டும்.

நெற்றியில் சுட்டுக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி மாதிரி ஒன்று இப்போது கார்களுக்கும் வந்துவிட்டது. ஹோஸை நோக்கிப் பிடித்தால் சூட்டை எண்ணாகக் காட்டும். நான் ஒன்றைச் சும்மாவே கொடுத்துப் பார்த்தேன். அவர் அதை என் மேலேயே நீட்டி, "உனக்குத்தான் எப்பவும் சூடு ஜாஸ்தி, போல்ட்டு" என்று சொல்லிவிட்டு ஓட்டை வழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். போல்ட்டு என்பது அவர் எனக்கு வைத்த பெயர். கடையில் போல்ட்டு விற்பதாலா, முறுக்கிக்கொண்டு நிற்பதாலா என்று நான் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் வந்த வண்டிக்கெல்லாம் ஒரே கோளாறாக இருந்தது. "போல்ட்டு, ஒரு தெர்மோஸ்டாட் குடு" என்று காலையில் ஒரு குரல், மத்தியானம் ஒரு குரல். முன்னெல்லாம் ரிலே கேட்பார், ஃபேன் மோட்டார் கேட்பார், ரேடியேட்டர் மூடி கேட்பார். இப்போது தெர்மோஸ்டாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. என்ன மாமா, ஊர்க் கார்களெல்லாம் சேர்ந்து பேசி வெச்சிக்கிட்டு வருதா என்று நான்கூடக் கேட்டேன். "இந்த வருஷம் வெயில் அப்படி" என்றார்.

பிறகு சரிபண்ணிப் போன வண்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. அதுவரை அவரிடம் போன வண்டி திரும்பி வந்ததே கிடையாது. அது அவருக்குப் பெரிய கௌரவம். அதனால் ஒவ்வொன்று திரும்பியபோதும் ஆள் குன்றிப்போனார். சாப்பாட்டில் குறை சொன்னார், அக்காவின் மிஷின் சத்தத்தைக் குறை சொன்னார். கடைசியில் என்னையும் விட்டுவைக்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல் டீச்சரம்மாவின் கார் மூன்றாவது முறையாக வந்த அன்று அது நடந்தது. அந்த அம்மா பொறுமைசாலி. வண்டி ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தே வாழ்கிறவருக்குப் பொறுமை இல்லாமல் முடியாது. அன்றைக்கு அந்தப் பொறுமையும் போயிருந்தது.

"அண்ணே, ரோட்டுல வேகமா போனா ஒண்ணும் இல்ல. சிக்னல்ல நின்னா, ரிவர்ஸ் பழக்குனா, உடனே முள்ளு மேல ஏறிடுது. நேத்து ஒரு பொண்ணு, முன்னாடி புகை வந்ததும் வண்டியை நடு ரோட்டுல விட்டுட்டு இறங்கி ஓடிட்டா. இனிமே வண்டியே ஓட்ட மாட்டாளாம்."

நான் ஓட்டை வழியாகத் தலையை நீட்டினேன். "மாமா, ஓடும்போது சரியா இருக்கு, நின்னா சூடாகுதுன்னா அது ஃபேன்தானே? ஓடும்போது காத்து அதுவா வந்துடும். நின்னாதானே ஃபேன் வேணும்?"

"எனக்கே பாடமா?" என்றார் அவர். "ஃபேன் ஸ்விட்ச் ரேடியேட்டர்ல கீழ இருக்கு. கீழ சூடு வந்து சேர்ந்தாத்தான் அது ஃபேனைப் போடும். கீழ சில்லுன்னு இருக்கு. அப்புறம் ஃபேன் எங்கேர்ந்து சுத்தும்? தெர்மோஸ்டாட் திறக்கல. ஏன் திறக்கல தெரியுமா? உன் கடைச் சரக்கு போலி. அதான் திறக்கல."

வாடிக்கையாளர் முன்னால் சொன்னார். தெருவில் டயர்க் கடைக்காரர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கடையை அப்படியே போட்டுவிட்டு பட்டறைக்குள் போனேன்.

"அக்கா, உன் டீ அடுப்பைக் குடு."

"எதுக்குடி?" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"உன் வீட்டுக்காரருக்கு ஒரு சமையல் பண்ணிக் காட்டணும்."

பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த புதுத் தெர்மோஸ்டாட்டை ஒரு கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். டீச்சரம்மாவும் டயர்க் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே அதன் நடுத்தட்டு மெல்ல விலகி வால்வு திறந்தது. வெளியே எடுத்ததும் கொஞ்ச நேரத்தில் மூடிக்கொண்டது.

"புதுசு திறக்காம என்ன செய்யும்? வண்டிக்குள்ள போய்த்தானே மாட்டிக்குது" என்றார் மாமா.

"அப்படியா? இந்த வண்டியில இருந்து கழட்டினதையே கொண்டாங்க."

கழட்டிப் போடுகிறதையெல்லாம் அவர் ஒரு பழைய ஆயில் டின்னில் போட்டு வைப்பார். அதிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் எறிந்தார். தண்ணீரில் விட்டேன். திறந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் திறந்தது. அதன் பிறகு அவர் என்னிடம் கொடுக்கவில்லை. கம்பியைப் பிடுங்கிக்கொண்டு அவரே குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்டிக் கட்டி விட்டார். வால்வுகள் திறந்தன, மூடின. அடியில் கிடந்த துருப்பிடித்த ஒன்று மட்டும் அசையவில்லை. அது உண்மையிலேயே எப்போதோ செத்தது. மற்றதெல்லாம் நல்லது. அந்தக் கோடையில் அவர் கெட்டுப்போய்விட்டது என்று கழட்டிய ஒவ்வொன்றும் நல்லது.

என் சரக்கு நல்ல சரக்கு என்று நிரூபிக்கத்தான் நான் வந்தேன். இப்படி ஒட்டுமொத்தமாக நிரூபணமாகும் என்று நினைக்கவில்லை. இரண்டு மூன்றாவது திறக்காமல் இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். மாமா பேயறைந்தவர் மாதிரி பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் கழட்டிப் போட்டதெல்லாம் நல்லதா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

திடீரென்று எழுந்தார். "இல்ல. இதுல என்னவோ இருக்கு. டீச்சரம்மா, வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க. போல்ட்டு, நீயே வந்து கை வெச்சுப் பாரு. அப்புறம் பேசு."

கார் ஓடிக்கொண்டே நின்றது. நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றேன். முள் ஏறியதை டீச்சரம்மா உள்ளேயிருந்து சொன்னார். ஃபேன் சும்மா நின்றது. மாமா குனிந்தார். வலது கையால் மேல் ஹோஸைத் தொட்டு, "ஸ்" என்று எடுத்துக்கொண்டார். இடது கையால் கீழ் ஹோஸைப் பிடித்தார்.

"மேல கொதிக்குது. கீழ பாரு, தண்ணிப் பானை மாதிரி இருக்கு. எங்க, நீ கையை வை."

அவர் கைக்குக் கொஞ்சம் தள்ளி நான் விரலை வைத்தேன். வைத்த வேகத்தில் அலறிக்கொண்டு எடுத்தேன். நெருப்பு. என் விரல் நுனி சிவந்துவிட்டது. வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மாமா இன்னும் அந்த ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். முழு உள்ளங்கையால், பஸ்ஸில் நிற்கிறவர் கம்பியைப் பிடித்திருப்பது போல, சாவகாசமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன நடிப்பு இது?" என்றார்.

ஒரு வாசனை வந்தது. ரப்பர் வாசனை இல்லை அது.

"கையை எடுங்க, மாமா."

"சில்லுன்னு இருக்குன்னு சொல்லுறேன்ல?"

அவர் மணிக்கட்டை நானே பிடித்து இழுத்தேன். உள்ளங்கைத் தோல் கொஞ்சம் ஹோஸிலேயே தங்கிவிட்டது. இறங்கி வந்த டீச்சரம்மா அதைப் பார்த்துவிட்டுக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். நான் மாமாவைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையைத் தண்ணீரில் பிடித்தேன்.

"எரியலையா?" என்று கேட்டேன்.

"எது?" என்றார்.

அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு இன்னும் விளங்கவில்லை. தன் கையைத் தண்ணீருக்கு அடியில் விட்டுவிட்டு அவர் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மண்டைக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"போல்ட்டு, ஃபியூஸ் டப்பாவைத் திறந்து ஃபேன் ரிலேயைப் புடுங்கு. பக்கத்துல ஹாரன் ரிலே அதே மாதிரிதான் இருக்கும். அதை எடுத்து ஃபேனுக்குப் போடு."

"இப்ப அதுவா முக்கியம்?"

"போடு."

போட்டேன். ஃபேன் படக்கென்று விழித்துக்கொண்டு முழு வேகத்தில் சுற்றியது. காற்று என் முகத்தில் அடித்தது. கெட்டது அந்தச் சின்ன ரிலே மட்டும்தான். வேறு யாராவது பார்த்திருந்தால் முதல் நாளே முடிந்துபோயிருக்கும் வேலை. மாமா அந்த ஃபேனைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, யாருடையதோ என்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்விட்ச் போட்டிருக்கு. அப்ப கீழ சூடு இருந்திருக்கு" என்றார் மெதுவாக. "எல்லா வண்டியிலயும் இருந்திருக்கு."

சூடு தெரியவில்லை என்றால் சூடு இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார் மனிதர். வலது கை சுட்டது, இடது கை சுடவில்லை. அதனால் மேலே கொதிக்கிறது, கீழே ஆறியிருக்கிறது. இத்தனை காலமாகச் சரியாகச் சொன்ன கைகள். அவற்றைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. வால்வைச் சந்தேகப்பட்டார், வெயிலைச் சந்தேகப்பட்டார், என்னைச் சந்தேகப்பட்டார்.

அதற்குள் அக்கா கழுத்தில் அளவு டேப்போடு ஓடி வந்திருந்தாள். கையைப் பார்த்தாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். பயந்தால் அவளுக்குத் திட்டத்தான் வரும்.

"எத்தனை வாட்டி சொன்னேன்? நேத்துக்கூட கொப்புளத்துக்கு மருந்து போட்டேன். எங்க சுட்டுக்கிட்டீங்கன்னு கேட்டா தெரியலங்கிறது. சுட்டது எப்படித் தெரியாம போகும்? எருமைத் தோலான்னு கேட்டேன். சிரிச்சீங்கல்ல?"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

"இந்தச் சுண்டு விரல்ல குத்து" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "குத்தும்போது சொல்லாத."

அக்கா குத்தினாள். அவர் காத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன அறை, ஜன்னலோரம் ஒரு கட்டில், மேஜையில் பஞ்சு. டாக்டரம்மா நிதானமானவர். மாமாவின் முழங்கைக்கு உள்பக்கம் நரம்பில் விரலை வைத்து உருட்டிப் பார்த்தார். முன்கையில் வெளிறிய தேமல் மாதிரி ஒரு திட்டு இருந்தது. பேட்டரி ஆசிட் பட்ட தழும்பு என்று மாமா சொன்னார். அதன் மேலும் பஞ்சு வைத்துப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் அங்கங்கே தொட்டு, தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். வலது கையில் மாமா ஒன்றுவிடாமல் சொன்னார். இடது கையில் டாக்டர் தொட்டுக்கொண்டே போனார், மாமா பேசாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா?" என்றார்.

அக்கா கைக் காயத்துக்கு மருந்து வாங்க வரிசையில் நிற்கப் போயிருந்தாள். டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்னபோது நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம்.

தொழுநோய்.

அந்தச் சொல்லை நான் ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்திருக்கிறேன், ஒருபோதும் வீட்டுக்குள் கேட்டதில்லை. டாக்டர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். இதற்கு மாத்திரை இருக்கிறது, முழுசாகக் குணமாகும், மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டால் சீக்கிரமே அடுத்தவருக்குப் பரவாது, யாரையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை, ஆனால் போன உணர்ச்சி திரும்பி வருமா என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சாதாரணக் குரலில் சொன்னார். மாமா எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

"என் சம்சாரத்துக்கு?" என்றார்.

"ஒரே வீட்டுல இருக்கிறவங்களை எப்பவும் பாத்துடுவோம். அவங்களைக் கூட்டிட்டு வாங்க. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது."

"இருந்தா?"

"இருந்தா அவங்களுக்கும் மாத்திரை. பயப்படாதீங்க."

"கை போனா போகட்டும் டாக்டர். நான் துப்பாக்கி வாங்கி வெச்சிக்கிறேன். அவளுக்கு மட்டும் என்னால எதுவும் வந்துடக் கூடாது."

டாக்டருக்குத் துப்பாக்கி விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்றைக்கு டாக்டரின் நேரம் முடிந்துவிட்டதால் அக்காவை வேறொரு நாள் வரச் சொன்னார்கள். மாமா வீட்டுக்குப் போகவில்லை. பட்டறையில் அக்கா தைத்து வைத்திருந்த சீட் உறை ஒன்றை விரித்து அங்கேயே தங்கிவிட்டார். கட்டுப்போட்ட இடது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, வந்த வண்டிகளை எதிர்ப் பட்டறைக்கு அனுப்பினார். அக்காவிடம் விஷயத்தை நான்தான் சொன்னேன். எப்படிச் சொல்வதென்று நான் தடுமாறியதுதான் மிச்சம். அவள் தூக்குவாளியில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள்.

"என்னங்க, வீடு எதுக்கு இருக்கு? எழுந்திரிங்க" என்றாள் வாசலில் நின்று.

"நீ கிட்ட வராத."

"மாத்திரை முழுங்கியாச்சுல்ல? இனிமே பரவாதுன்னு டாக்டர் சொன்னாங்களாமே."

"இனிமே பரவாது. இதுக்கு முன்னாடி?" என்றார் மாமா. "இத்தனை வருஷமா பக்கத்துலயே படுத்தியே. நீ போய்ப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லட்டும். நான் வீட்டுக்கு வரேன். அதுவரைக்கும் இந்த வாசலைத் தாண்டி உள்ள வராத."

அவள் கெஞ்சினாள், திட்டினாள். நான் என் பங்குக்குக் கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு அவள் தையல் மிஷினைப் பார்த்தாள். அதற்குக்கூடப் போக அவர் விடவில்லை. நாள் முழுக்கச் சண்டை போட்ட இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததை நான் நடுச்சுவர் ஓட்டை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கிரீச் கிரீச்சென்று ஃபேன்கூடச் சுற்றவில்லை.

சோதனை நாளில் அக்கா நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்தாள். தலையைப் படிய வாரியிருந்தாள். மாமாவை வாசலில் இருக்கச் சொன்னோம், அவர் கேட்கவில்லை. அறைக்குள் வந்து கதவோடு ஒட்டி நின்றுகொண்டார். முதலில் என்னைப் பார்த்தார்கள், நானும் பட்டறையிலேயே பழகுகிறவள் என்பதால். ஒன்றும் இல்லை. எனக்கு அதில் சந்தோஷம்கூட வரவில்லை. அடுத்து அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள்.

டாக்டர் அவள் கைகளைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், காது மடலைப் பார்த்தார். முழங்கையை உருட்டிப் பார்த்து, "இது நல்லா இருக்கு" என்றார். மாமா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு அக்காவைத் திரும்பி உட்காரச் சொன்னார். வலது முழங்கைக்கு மேலே, பின்பக்கத்தில், கண்ணாடியில் பார்த்தாலும் தனக்குத் தெரியாத ஓர் இடத்தில், காசளவுக்கு லேசாக நிறம் வெளுத்திருந்தது. டாக்டரின் கை அங்கே நின்றது.

"ஒண்ணும் இல்லம்மா, ஒரு சின்ன டெஸ்ட். கண்ணை மூடிக்குங்க. நான் பேனாவால தொடுவேன். தொடும்போது சொல்லுங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கைகளை மடியில் வைத்து, போட்டோவுக்கு உட்காருகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். உதட்டில் ஒரு சிரிப்பு. அவளுக்கு ஒன்றும் இருக்காது என்று அவ்வளவு உறுதி.

டாக்டர் தோளில் தொட்டார். "தொட்டீங்க" என்றாள். மணிக்கட்டில் தொட்டார். "தொட்டீங்க." பிறகு பேனா அந்த வெளுத்த இடத்துக்கு வந்தது. தொட்டது. எடுத்தது. மறுபடி தொட்டது. முனை தோலில் குழி விழும் அளவுக்கு அழுத்தி அப்படியே நின்றது. சொல்லு அக்கா, சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"என்ன டாக்டர், நிறுத்திட்டீங்க?" என்றாள். "அடுத்தது தொடுங்க."

பேனா அப்போதும் அவள் தோலில்தான் இருந்தது. டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கட்டுப்போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணீர் கட்டுத் துணியில் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கையை எடுத்துவிட்டு, தினமும் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து பேசுகிற அதே குரலில் பேசினார்.

"இன்னும் தொடல. நீ கண்ணைத் தொறக்காத."

"சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."